எந்த இடத்தை ஏற்பது? பொறியியல் கலந்தாய்வும் கல்லூரித் தேர்வும்

தமிழ்நாட்டில் பொறியியல் படிக்க விரும்பும் மாணவருக்கு இடம் ஒரே வாசல் வழியாக வருவதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வெளிவரும் மே மாதத்துக்குள் சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் நுழைவுத் தேர்வை முடித்து, இடத்தை ஒதுக்கி, முன்பணம் கட்டுவதற்கான கடைசி நாளையும் அறிவித்துவிடுகின்றன. ஜே.இ.இ. எழுதியவர்களுக்கு ஐ.ஐ.டி., என்.ஐ.டி. இடங்களை ஒதுக்கும் ஜோசா கலந்தாய்வு ஜூனில் தொடங்குகிறது. மாநில அரசின் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு ஜூலை வாக்கில்தான் ஆரம்பமாகிறது. இடையே நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களுக்காகத் தனியார் கல்லூரிகளும் அழைக்கின்றன. ஆகவே ஒரு குடும்பத்துக்கு இரண்டு மூன்று இடங்கள் கிடைத்தாலும் அவை ஒரே நாளில் கைக்கு வருவதில்லை. முதலில் வந்ததைப் பிடித்துக்கொள்வதா, பின்னால் வரக்கூடியதற்குக் காத்திருப்பதா என்ற தவிப்பு பல வீடுகளில் இரண்டு மாதம் நீடிக்கிறது. இந்தத் தவிப்பில் பாதி, ஏற்பாடு எப்படி இயங்குகிறது என்று தெரியாததால் வருவது.

மாநிலத்தில் தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வு 1984இல் வந்தது. 1997இல் அண்ணா பல்கலைக்கழகம் ஒற்றைச் சாளர முறையைத் தொடங்கியது. 2007-08 கல்வியாண்டில் நுழைவுத் தேர்வு கைவிடப்பட்டு, கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என மொத்தம் 200க்குக் கணக்கிடும் கட்-ஆஃப் மதிப்பெண்ணே அடிப்படையாயிற்று. 2018இல் கலந்தாய்வு இணையத்துக்கு மாறியது. 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் அதை நடத்துகிறது.

இவற்றில் மாணவரின் முடிவெடுக்கும் முறையையே மாற்றியது 2018இன் மாற்றம். அதுவரை குறித்த நாளில் தாயோ தந்தையோ துணைக்கு வர, சென்னை கிண்டி வளாகத்துக்குப் போக வேண்டும். அங்கே திரையில் அந்த நேரத்துக் காலியிடங்கள் தெரியும். இருப்பதைப் பார்த்துச் சில நிமிடங்களில் ஒன்றைச் சொல்ல வேண்டும். இப்போது மாணவர் எதுவும் கிடைப்பதற்கு முன்பே, வீட்டிலிருந்தபடி, தமக்கு வேண்டிய கல்லூரிகளையும் பிரிவுகளையும் வரிசைப்படுத்திப் பதிவு செய்கிறார். சாய்ஸ் ஃபில்லிங் என்று எல்லோரும் சொல்லும் அந்தப் படியில்தான் தேர்வு உண்மையில் நடந்து முடிகிறது. பிறகு வரும் ஒதுக்கீட்டு ஆணை அந்த வரிசையின் விளைவு மட்டுமே. ஆணை வந்த பிறகு கூடிப் பேசும் குடும்பங்கள் பல. பட்டியல் எழுதும்போது கூடிப் பேசிய குடும்பங்கள் குறைவு. நேரத்தைச் செலவிட வேண்டிய இடம் பட்டியல்தான்.

கணினி செய்வது எளிய வேலை. ஒரு சுற்றில் உள்ளவர்களைத் தரவரிசைப்படி எடுக்கிறது. முதலாமவரின் பட்டியலில் முதல் வரியைப் பார்த்து, அந்த இடம் காலியாக இருந்தால் அவருக்குத் தருகிறது. இல்லையென்றால் அடுத்த வரி. ஒவ்வொரு வரியிலும் முதலில் பொதுப்பிரிவு இடம் இருக்கிறதா என்று பார்க்கிறது, அதன்பின் மாணவரின் சமூகப் பிரிவுக்கான இடம். அவருக்கு முடிந்ததும் அடுத்த தரவரிசைக்காரர். இருவரின் கட்-ஆஃப் ஒன்றாக இருந்தால் கணித மதிப்பெண், இயற்பியல் மதிப்பெண் என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, பிறந்த தேதியும் சமமானால் கடைசியில் சமவாய்ப்பு எண் முடிவு செய்கிறது. ஒருவர் ஒரு கல்லூரியை எத்தனையாவது வரியில் எழுதினார் என்பது அந்தக் கல்லூரியில் அவருக்குள்ள உரிமையைக் கூட்டவும் செய்யாது, குறைக்கவும் செய்யாது. உரிமை தரவரிசையிலிருந்து மட்டுமே வருகிறது.

இது புரியாததால்தான் ஒரு தவறான அச்சம் ஆண்டுதோறும் பரவுகிறது. கிடைக்காத கல்லூரியை முதல் வரியில் எழுதினால் அந்த வாய்ப்பு வீணாகிவிடும், அதற்குள் இரண்டாம் வரியில் இருப்பதும் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். எனவே மனத்தில் முதலிடத்தில் இருப்பதைக் கீழே தள்ளி, கிடைத்துவிடும் என்று தோன்றுவதை மேலே எழுதுகிறார்கள். விளைவு, கிடைத்திருக்கக்கூடிய நல்ல இடம் கிடைக்காமல் போகிறது. கணினி மேலிருந்து கீழே வருகிறது. மேலே எழுதிய எளிய இடம் கிடைத்ததும் அங்கேயே நின்றுவிடுகிறது.

இந்த அச்சம் உண்மையாகும் ஒதுக்கீட்டு முறைகளும் உலகில் இருந்தன. அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பள்ளிச் சேர்க்கையில், ஒரு பள்ளியை முதல் விருப்பமாக எழுதியவர்களுக்கே அந்தப் பள்ளியின் இடங்கள் முதலில் போகும். அங்கே மனத்தில் உள்ளதை உள்ளபடி எழுதியவர்கள் ஏமாந்தார்கள்; பெற்றோர் கணக்குப் போட்டு எழுதப் பழகினார்கள். 2005இல் நகரம் அந்த முறையைக் கைவிட்டது. அதற்கான மாற்று வெகுகாலத்துக்கு முன்பே தயாராக இருந்தது. டேவிட் கேல், லாயிட் ஷேப்லி என்ற கணித அறிஞர்கள் 1962இல் கல்லூரிச் சேர்க்கையையும் திருமணப் பொருத்தத்தையும் சேர்த்து ஆராய்ந்த சிறு கட்டுரை ஒன்றை வெளியிட்டார்கள். மாணவர் தம் விருப்ப வரிசையை ஒளிக்காமல் எழுதுவதால் எந்த இழப்பும் வராதபடி இடங்களைப் பங்கிட முடியும் என்பது அந்த ஆராய்ச்சியிலிருந்து கிளைத்த முடிவுகளில் ஒன்று. கேல் 2008இல் காலமானார். ஷேப்லிக்கும், இந்தக் கோட்பாட்டைப் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் கொண்டுசென்ற ஆல்வின் ராத்துக்கும் 2012இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. தமிழ்நாட்டுக் கலந்தாய்வு ஒரே தரவரிசையைப் பின்பற்றுவதால் இன்னும் எளியது. இங்கே ஒரு சுற்றுக்குள் உண்மையான விருப்ப வரிசையே எப்போதும் சிறந்த வரிசை. தந்திரம் எதுவும் தேவையில்லை. தந்திரம் செய்தால் நட்டம்தான்.

சென்ற ஆண்டுக் கட்-ஆஃப் விவரத்துக்கும் பயன் உண்டு. பட்டியலின் அடிப்பகுதியை அமைப்பதற்கு அது வேண்டும். எது வரை கீழே இறங்கி எழுதினால் இடம் இல்லாமல் போகாது என்பதை அது காட்டும். எழுதக்கூடிய வரிகளுக்கு உச்சவரம்பு இல்லை என்பதால் இருபது வரியோடு நிறுத்துவதற்குக் காரணம் எதுவும் இல்லை. ஆனால் மதிப்பெண்ணை மதிப்பெண்ணோடு ஒப்பிடுவது பிசகும். ஒரு ஆண்டு கணித வினாத்தாள் எளிதாக இருந்தால் அந்த ஆண்டு 190 எடுத்தவர்களின் கூட்டம் பெருகிவிடும். அதே 190க்கு முந்தைய ஆண்டு கிடைத்த இடம் இப்போது கிடைக்காது. தரவரிசை எண்ணைத் தரவரிசை எண்ணோடும், சமூகப் பிரிவுக்குள் உள்ள தரவரிசையை முந்தைய ஆண்டில் அதே பிரிவுக்குள் இருந்த தரவரிசையோடும் ஒப்பிடுவதே சரி.

இனி, வரிசை எதைக் கொண்டு அமைய வேண்டும் என்ற கேள்வி. கல்லூரியா, பாடப்பிரிவா என்று கேட்பது வழக்கம். கேள்வியே தவறாக அமைந்திருக்கிறது. பட்டியலின் ஒவ்வொரு வரியும் கல்லூரியும் பிரிவும் சேர்ந்த ஓர் இணை. கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் உற்பத்திப் பொறியியல் ஓர் இணை. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் மின்னணுவியல் இன்னொன்று. பெயர் தெரியாத கல்லூரியில் கணினி அறிவியல் மற்றொன்று. இவற்றை இரண்டிரண்டாக எடுத்து, இரண்டும் கையில் இருந்தால் எதில் சேர்வோம் என்று மட்டும் கேட்டுக்கொண்டு போக வேண்டும். அப்படிச் செய்யும்போது, முதலில் எல்லாக் கல்லூரிகளிலும் கணினி அறிவியல், பிறகு எல்லாவற்றிலும் தகவல் தொழில்நுட்பம் என்று மொத்தமாக அடுக்கிய பட்டியல்கள் தாமாகவே குலைந்துபோகும். அவை குலைவதே நல்லது.

இணைகளை எடைபோடும்போது பிரிவைப் பற்றி ஒரு சமமின்மை நினைவில் இருக்க வேண்டும். பெரிய மென்பொருள் நிறுவனங்கள் கல்லூரி வளாகத்தில் ஆளெடுக்கும்போது பெரும்பாலும் எல்லாப் பிரிவினரையும் எழுத விடுகின்றன. கட்டுமானவியல் படித்தவர் மென்பொருள் வேலைக்குப் போகலாம், ஆயிரக்கணக்கானோர் போயிருக்கிறார்கள். ஆனால் கணினி அறிவியல் படித்தவர் பொதுப்பணித் துறையிலோ நெடுஞ்சாலைத் துறையிலோ உதவிப் பொறியாளர் ஆக முடியாது. டி.என்.பி.எஸ்.சி. பொறியியல் பணித் தேர்வுகள் கட்டுமானவியல், இயந்திரவியல், மின்னியல் என்று பட்டத்தின் பெயரைக் குறித்துக் கேட்கின்றன. கேட் தேர்வு மதிப்பெண் வழியே ஆளெடுக்கும் பொதுத்துறை நிறுவனங்களும் அப்படியே. அரசுப் பொறியாளர் பணியை ஆசையாகக் கொண்ட மாணவிக்கு, பெயர் பெற்ற கல்லூரியின் கணினிப் பிரிவைவிட அரசுக் கல்லூரியின் கட்டுமானவியல் மேலே இருக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும் போன்ற புதுப்பெயர்ப் பிரிவுகளில் சேர்பவர்கள், அந்தப் பட்டத்துக்குப் பழைய பட்டத்தோடு இணையானது என்ற அரசாணை இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்வது நல்லது.

பிரிவுகளின் மவுசு நான்காண்டுகள் நிலைப்பதில்லை. இயந்திரவியலுக்குக் கூட்டம் அலைமோதிய காலத்தில் பல கல்லூரிகள் கூடுதல் வகுப்புகள் திறந்தன. பிற்பாடு அதே வகுப்புகள் காலியாக நின்றன. இன்று அந்தக் கூட்டம் கணினி சார்ந்த பிரிவுகளுக்குப் போகிறது. புதிதாகத் திறந்த பிரிவில் கேட்க வேண்டிய கேள்வி, அதை நடத்தும் ஆசிரியர்கள் யார், முதல் அணி படித்து வெளியேறிவிட்டதா என்பது. தேசிய அங்கீகார வாரியமான என்.பி.ஏ. ஒரு பிரிவை மதிப்பிட வேண்டுமானால் அதிலிருந்து மாணவர்கள் படித்து வெளியேறியிருக்க வேண்டும். ஆகவே நேற்றுத் திறந்த பிரிவுக்கு அந்த முத்திரை இருக்க வழியில்லை. இங்கே ஒரு மயக்கமும் உண்டு. தேசிய மதிப்பீட்டு, அங்கீகாரக் குழுவான நாக் வழங்கும் தரச்சான்று முழுக் கல்லூரிக்கும் தரப்படுவது, என்.பி.ஏ. தனித்தனிப் பிரிவுக்குத் தரப்படுவது. நுழைவாயில் பலகையில் இருக்கும் நாக் தரம், மாணவர் சேரப்போகும் பிரிவைப் பற்றி எதுவும் சொல்லாது.

கல்லூரியைப் பற்றி விசாரிக்கும்போது பெயர் மட்டும் போதாது. அண்ணா பல்கலைக்கழகம் என்ற பெயரின் கீழேயே பல அடுக்குகள் இருக்கின்றன. கிண்டிப் பொறியியல் கல்லூரி, அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, கட்டடக்கலைப் பள்ளி, குரோம்பேட்டை எம்.ஐ.டி. ஆகியவை பல்கலைக்கழகத்தின் சொந்த வளாகங்கள். கோவை, மதுரை, திருநெல்வேலி மண்டல வளாகங்களும், விழுப்புரம், திண்டிவனம், திண்டுக்கல், நாகர்கோவில் போன்ற ஊர்களின் உறுப்புக் கல்லூரிகளும் வேறு அடுக்கு. அவற்றுக்கு வெளியே 400க்கும் மேற்பட்ட கல்லூரிகள் இணைவு பெற்றவை. எல்லாவற்றின் பட்டத்திலும் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும். ஆனால் தன்னாட்சிக் கல்லூரியில் பாடத்திட்டமும் வினாத்தாளும் அந்தக் கல்லூரியுடையவை. தன்னாட்சி இல்லாத இணைவுக் கல்லூரியில் இரண்டையும் பல்கலைக்கழகம் தருகிறது. பருவத் தேர்வு தோறும் இணைவுக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தைப் பல்கலைக்கழகம் வெளியிடுகிறது. கலந்தாய்வுக்கு முன் எந்தப் பெற்றோரும் படித்துப் பார்க்கத் தகுந்த ஆவணம் அது. தன்னாட்சிக் கல்லூரிகள் தம் தேர்வைத் தாமே நடத்துவதால் அவற்றின் தேர்ச்சி விகிதத்தை இதோடு வைத்து ஒப்பிடுவதில் பொருள் இல்லை.

கோவையின் பி.எஸ்.ஜி., சி.ஐ.டி., மதுரையின் தியாகராசர் ஆகியவை அரசு உதவி பெறும் கல்லூரிகள். இவற்றில் உதவி பெறும் பிரிவுகளும் சுயநிதிப் பிரிவுகளும் ஒரே வளாகத்தில் நடக்கின்றன. கலந்தாய்வுப் பட்டியலில் பிரிவின் பெயருக்குப் பின்னால் வரும் ‘எஸ்.எஸ்.’ என்ற குறி அது சுயநிதிப் பிரிவு என்பதைச் சொல்கிறது. ஆண்டுக் கட்டணத்தில் பெரும் வேறுபாட்டைக் கொண்டுவரும் இந்த இரண்டு எழுத்துகளைக் கவனிக்காமல் வரிசைப்படுத்துபவர்கள் இருக்கிறார்கள்.

வேலைவாய்ப்பு விளம்பரங்கள் உச்ச ஊதியத்தைச் சொல்கின்றன. ஒரே ஒரு மாணவர் பெற்ற ஊதியம் மற்ற எல்லோரைப் பற்றியும் எதையும் காட்டாது. சராசரியும் ஏமாற்றக்கூடியது, சிலரின் பெரிய ஊதியம் அதை மேலே இழுத்துவிடும். வேலை பெற்றவர்களை ஊதிய வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்குவது எவ்வளவு என்பதே உதவும் எண். தேசியத் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப்.இல் பங்கேற்கும் கல்லூரிகள், பட்டம் பெற்றவர் எத்தனை பேர், வேலை பெற்றவர் எத்தனை பேர், அவர்களின் இடைநிலை ஊதியம் என்ன, மேற்படிப்புக்குச் சென்றவர் எத்தனை பேர் என்பதை எல்லாம் சமர்ப்பித்துத் தம் இணையதளத்திலும் வைக்க வேண்டும். அந்தத் தாள் பெரும்பாலும் தளத்தின் ஒரு மூலையில் கிடக்கும். தேடி எடுத்துப் படித்தால் விளம்பரப் பதாகை சொல்லாதவை தெரியும்.

பணத்தின் கணக்கு பலருக்கும் எல்லாவற்றையும்விடப் பெரியது. அதைக் கூச்சப்படாமல் முதலிலேயே பேச வேண்டும். சுயநிதிக் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய், என்.பி.ஏ. அங்கீகாரம் பெற்ற பிரிவுக்கு 55,000 ரூபாய் என்று 2017இல் கட்டணக் குழு நிர்ணயித்தது. நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 85,000, 87,000 என்றும் வரம்பு வைத்தது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கு இந்த வரம்பு கிடையாது. அரசின் சலுகைகளும் கலந்தாய்வோடு கட்டப்பட்டவை. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகை கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தவர்களுக்குத்தான். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவர்களுக்கு 2021இன் சட்டப்படி 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடு உண்டு. அதில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அப்படிப்பட்ட மாணவர் மே மாதத்தில் வந்த ஓர் அழைப்பை நம்பிக் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்காமலே விடுவது பெரும் இழப்பு. வேறு இடம் கையில் இருந்தாலும் கலந்தாய்வு விண்ணப்பம் போட்டுவைக்க வேண்டும்.

கடன் வாங்கிப் படிப்பதானால் அதன் எல்லையும் தெரிய வேண்டும். கடன் உத்தரவாத நிதித் திட்டத்தின்படி 7.5 லட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்குச் சொத்துப் பிணையோ மூன்றாம் நபர் உத்தரவாதமோ தேவையில்லை. குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் படிப்புக் காலத்துக்கும் அதன் பிறகு ஓராண்டுக்கும் வட்டி மானியம் பெறும் திட்டம் உண்டு. அதற்குக் கல்லூரிக்கு நாக் சான்றோ பிரிவுக்கு என்.பி.ஏ. சான்றோ இருக்க வேண்டும். நான்காண்டுச் செலவில் கட்டணம் ஒரு பகுதிதான். வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் உள்ள கல்லூரிக்கும் விடுதியில் தங்க வேண்டிய கல்லூரிக்கும் இடையே உள்ள வேறுபாடு கட்டணத்தைவிடப் பெரிதாக இருக்கக்கூடும். அதே சமயம், விடியலில் கல்லூரிப் பேருந்து ஏறி இருட்டும்போது வீடு திரும்பும் வாழ்க்கை படிப்பின் மணிநேரங்களைத் தின்றுவிடும் என்பதும் கணக்கில் வர வேண்டும்.

பட்டியல் முடிந்து, தற்காலிக ஒதுக்கீடு வெளிவந்தபின் மாணவருக்கு ஓரிரு நாளே அவகாசம். 2022 முதல் அப்போது சொல்லக்கூடிய பதில்கள் ஐந்து. ‘அக்செப்ட் அண்ட் ஜாய்ன்’ என்றால் கிடைத்ததை ஏற்று, குறித்த நாளுக்குள் கல்லூரியில் கட்டணம் கட்டிச் சேர்ந்துவிடுவது. ‘அக்செப்ட் அண்ட் அப்வர்ட்’ என்றால் கிடைத்ததை வைத்துக்கொண்டே மேலுள்ள வரிகளுக்குக் காத்திருப்பது. இதற்குக் கட்டணத்தைச் சேர்க்கை சேவை மையத்தில் கட்ட வேண்டும். கட்டணம் கட்டாமல் விட்டவர்களின் இடங்கள் காலியாகும்போது, காத்திருப்பவர்கள் மேலே நகர்கிறார்கள். ‘டிக்ளைன் அண்ட் அப்வர்ட்’ கிடைத்ததை விட்டுவிட்டு மேலுள்ளவற்றுக்கு மட்டும் காத்திருப்பது. மற்ற இரண்டும், அடுத்த சுற்றுக்குப் போவதும் கலந்தாய்விலிருந்தே விலகுவதும்.

இவற்றில் இரண்டாவதே பெரும்பாலோருக்குப் பொருந்தும். ஆனால் அதற்குள் ஒரு கண்ணி உண்டு. மேலுள்ள வரி ஒன்று கிடைத்துவிட்டால் பழைய இடம் தானாகவே போய்விடும். திரும்பப் பெற முடியாது. வெறும் பெயருக்காகவோ, அடுத்த வீட்டுப் பிள்ளை எழுதியதாலோ மேலே எழுதிய ஒரு வரி, விரும்பிய இடத்திலிருந்து மாணவரைப் பெயர்த்துக்கொண்டு போய்விடலாம். ஆகவேதான் பட்டியலின் ஒவ்வொரு வரியும் அதற்குக் கீழுள்ளதைவிட உண்மையாகவே விரும்பப்படுவதாக இருக்க வேண்டும். மூன்றாவது பதில் ஆபத்தானது. இப்போது கிடைத்த இடத்தில் சேர்வதைவிட எதுவும் இல்லாமல் இருப்பதே மேல் என்று எண்ணுபவருக்கு மட்டுமே அது சரி. அப்படி எண்ணும் இடத்தைப் பட்டியலில் எழுதியிருக்கவே கூடாது.

ஜோசாவிலும் இதே தர்க்கம் வேறு பெயர்களில் இருக்கிறது. ‘ஃப்ரீஸ்’ என்றால் ஏற்று முடிப்பது, ‘ஃப்ளோட்’ என்றால் எந்த நிறுவனமானாலும் மேலுள்ளதற்குக் காத்திருப்பது, ‘ஸ்லைட்’ என்றால் அதே நிறுவனத்துக்குள் மேலான பிரிவுக்குக் காத்திருப்பது. திருச்சி என்.ஐ.டி.யில் பாதி இடங்கள் சொந்த மாநிலத்தவருக்கு உரியவை என்பதால், அகில இந்தியத் தரவரிசையைப் பார்த்து மனம் தளர்ந்த தமிழ்நாட்டு மாணவர்களுக்கும் அங்கே வாய்ப்பு உண்டு. ஜோசாச் சுற்றுகள் மாநிலக் கலந்தாய்வுக்கு முன்னால் தொடங்கிவிடுவதால், அங்கே கிடைத்ததைக் கையில் வைத்துக்கொண்டு இங்கே காத்திருப்பவர்கள், அங்கே விலகுவதற்கான கடைசி நாளைக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.

முன்பணம் கட்டிய இடத்தை விட்டு வருவதற்கும் விதிகள் இருக்கின்றன. படிப்பு தொடங்குமுன் விலகும் மாணவரிடம் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக்கூடாது என்பது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் விதி. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 அறிவிக்கையின்படி, சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால் முழுத் தொகையும் திரும்ப வர வேண்டும். செயல்பாட்டுச் செலவாக அதிகபட்சம் 5,000 ரூபாய் மட்டும் கழிக்கலாம். அதன் பிறகு நாளாக ஆகத் திரும்பும் பங்கு 90, 80, 50 விழுக்காடு எனக் குறைந்து, கடைசி நாள் கடந்து 30 நாளுக்குப் பின் எதுவும் வராது. மூலச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டும், பிடித்துவைக்கக்கூடாது என்பதும் இதே அறிவிக்கையில் இருக்கிறது. கட்டிய பணத்துக்கு ரசீது, விலகல் கடிதத்துக்குத் தேதியிட்ட ஒப்புகை இரண்டும் கையில் இருந்தால்தான் இந்த விதிகளைக் காட்டிக் கேட்க முடியும்.

சேர்ந்த பிரிவே முடிவானது என்பதும் முழு உண்மையல்ல. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையின்படி, நன்றாகப் படிக்கும் மாணவர் கூடுதலாக 18 கிரெடிட் முடித்து வேறு துறையில் துணைப்பட்டம் பெறலாம். கட்டுமானவியலிலோ மின்னியலிலோ இடம் கிடைத்து, கணினி மீது ஆசை வைத்திருப்பவருக்கு இந்த வழி திறந்திருக்கிறது. சேரப்போகும் கல்லூரி அந்தத் துணைப்பட்டத்துக்கான பாடங்களை உண்மையிலேயே நடத்துகிறதா என்பதை அங்கே மூன்றாம், நான்காம் ஆண்டு படிக்கும் மாணவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.